அமெரிக்கக் கல்லூரி வீரர்களுக்குச் சொன்ன பணம் ஏன் கைக்கு வருவதில்லை? என்.ஐ.எல். பற்றி எளிமையாக

2022 நவம்பரில், கலிஃபோர்னியாவின் பிட்ஸ்பர்க் என்ற ஊரில் பள்ளிக் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த ஜேடன் ரஷாடா என்ற இளம் அமெரிக்க ஃபுட்பால் வீரருக்கு (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் எடுத்து ஓடியும் எறிந்தும் ஆடுவது) ஓர் ஒப்பந்தம் கிடைத்தது. நாலு வருஷத்துக்கு மொத்தம் 1 கோடியே 38.5 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் நூறு கோடி ரூபாய்க்கு மேல். முதல் தவணை 5 லட்சம் டாலர், அப்புறம் கல்லூரி முதல் வருஷம் முழுக்க மாதம் 2.5 லட்சம், மூன்றாம் வருஷத்தில் அது மாதம் 3.75 லட்சம் வரை ஏறும். பதிலுக்கு அவர் செய்ய வேண்டியது, ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் இருக்கிற கெய்ன்ஸ்வில் ஊரில் குடியிருப்பது, மாதத்துக்கு ஓரிரு சமூக ஊடகப் பதிவு போடுவது, ரசிகர்களைச் சந்திக்கச் சில நிகழ்ச்சிகளுக்குப் போவது, சில பொருள்களில் கையெழுத்துப் போட்டுத் தருவது. அவ்வளவுதான்.

டிசம்பர் முதல் வாரத்தில் முதல் தவணை வந்திருக்க வேண்டும். பணம் வரவில்லை, கடிதம் வந்தது. ஒப்பந்தம் ரத்து.

இந்த விஷயத்தைப் புதிதாகக் கேட்பவருக்கு உடனே நாலைந்து கேள்வி வரும். படிக்கப் போகிற பையனுக்கு எதற்கு இவ்வளவு பணம்? மாதம் ஒரு இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 2.5 லட்சம் டாலர் யார் கொடுப்பார்கள்? கொடுப்பதாகச் சொன்னது யார், பல்கலைக்கழகமா, வேறு யாராவதா? எழுதிக் கையெழுத்தான ஒப்பந்தத்தை ஒரு கடிதத்தில் எப்படி ரத்து செய்ய முடியும்? இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன, அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் பின்கதை வேண்டும்.

என்.ஐ.எல். என்பது மூன்று சொற்களின் முதலெழுத்து: பெயர், உருவம், சாயல். உங்கள் பெயரையும் முகத்தையும் ஒருவர் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும், அதற்குப் பணமும் தர வேண்டும் என்பது உலகத்தில் பெரும்பாலான இடங்களில் சாதாரண விஷயம். ஒரு கிரிக்கெட் வீரர் எண்ணெய் விளம்பரத்தில் வந்தால் அவருக்குக் காசு போகிறது, யாரும் ஆச்சரியப்படுவதில்லை. அமெரிக்கக் கல்லூரி வீரருக்கு மட்டும் 2021 ஜூலை வரை இந்த உரிமை இல்லை. ஒரு விளம்பரத்தில் காசு வாங்கி நடித்தால் அவர் விளையாடும் தகுதியே போய்விடும்.

அங்கே கல்லூரி விளையாட்டு என்றால் நம் ஊர் கல்லூரிகளுக்கிடையேயான போட்டி மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் மைதானத்தில் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். மார்ச் மாதத்தில் நடக்கும் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை 2025 முதல் 2032 வரை எட்டு வருஷத்துக்கு 880 கோடி டாலர். பெரும்பாலான மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் ஆளுநருக்கு இல்லை, அரசுப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச்சுக்கோ கூடைப்பந்துக் கோச்சுக்கோதான். இவ்வளவும் யாரைப் பார்க்க வருகிற கூட்டத்தால் வருகிறதோ அந்த வீரருக்கு உதவித்தொகை, அதாவது படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு. 2021 வரை அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கிடையாது.

இதைக் காவல் காத்தது என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. 1906-ல் தொடங்கிய, கல்லூரிகளே உறுப்பினர்களாக இருக்கிற சங்கம். வீரர்கள் சம்பளம் வாங்காத ஆர்வலர்களாக இருக்க வேண்டும் என்பது அதன் மூலவிதி. 'மாணவ-வீரர்' என்ற சொல்லையே 1950-களில் அதன் தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸும் அவருடைய ஆட்களும் உருவாக்கினார்கள். மைதானத்தில் அடிபட்ட வீரரை 'தொழிலாளி' என்று நீதிமன்றம் சொல்லிவிட்டால் காயத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டிவரும் என்ற பயம்தான் காரணம் என்று பிற்காலத்தில் பையர்ஸே எழுதினார். 1955-ல் கொலராடோவில் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்த ஒரு வீரரின் மனைவி அந்த இழப்பீட்டைக் கேட்டார். 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம் கிடையாது என்று சொல்லிவிட்டது. எனக்கு இந்தக் கதையில் மறக்க முடியாத இடம் இதுதான். ஒரு சொல்லைச் சரியாகத் தேர்ந்தெடுத்து வைத்ததால் ஒரு விதவைக்கு வர வேண்டிய பணம் நின்றது, அடுத்த அறுபது வருஷமும் அந்தச் சொல்தான் கதவைப் பூட்டி வைத்திருந்தது.

பூட்டு மெதுவாகத்தான் உடைந்தது. யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு 1995-ல் கூடைப்பந்துப் பட்டம் வாங்கிக் கொடுத்த எட் ஓ'பேனன், பல வருஷம் கழித்து ஒரு வீடியோ கேமில் தன்னைப் பார்த்தார். அதே 31-ஆம் எண் சட்டை, அதே இடதுகை, அதே மொட்டைத் தலை. பெயர் மட்டும் இல்லை, காசும் இல்லை. 2009-ல் என்.சி.ஏ.ஏ. மேல் வழக்குப் போட்டார். 2014-ல் நீதிபதி கிளாடியா வில்கன் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியா, வீரர்கள் விளம்பர வருமானம் வாங்குவதைக் கல்லூரிகள் தடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது, மற்ற மாநிலங்கள் பின்னாலேயே வந்தன. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-க்கு 0 என்று என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு விளம்பர உரிமை பற்றியது இல்லை, படிப்பு சார்ந்த சலுகைகள் பற்றியதுதான், ஆனால் இனி எதைத் தடுத்தாலும் நீதிமன்றத்தில் தோற்போம் என்பது அந்த அமைப்புக்குப் புரிந்துவிட்டது. 2021 ஜூலை 1 அன்று விளம்பர வருமானத்துக்கு அனுமதி கொடுத்தது. நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் இல்லை, தரப்படுத்திய ஒப்பந்தம் இல்லை, தற்காலிகக் கொள்கை என்ற பெயரில் ஓர் அறிவிப்பு மட்டும்.

முதல் நாள் அழகாகவே இருந்தது. ஃபிரெஸ்னோ ஸ்டேட் கல்லூரியில் கூடைப்பந்து ஆடிய கேவிண்டர் இரட்டைச் சகோதரிகள் அன்றே ஒரு மொபைல் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டார்கள். டிக்டாக்கில் அவர்களுக்கு லட்சக்கணக்கானோர் ரசிகர்கள், நிறுவனத்துக்கு அந்த ரசிகர்கள் வேண்டும், கணக்கு சரி. 2022-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டிகோல்டஸ்ட் க்ராஃபோர்ட் என்ற வீரருக்கு உள்ளூர் ஏ.சி. கம்பெனி ஒன்று விளம்பர வாய்ப்புக் கொடுத்தது. அவர் பெயரை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள், 'எல்லாவற்றிலும் குளிர்ந்தது' என்ற மாதிரி ஒலிக்கும், அதனால்தான். இதெல்லாம் நிஜமான பெயர்-உருவ வியாபாரம். விற்க ஒரு பொருள் இருக்கிறது, வாங்குபவருக்கு லாபம் இருக்கிறது, வேலை முடிந்தால் பணம் வருகிறது.

குழப்பம் இன்னொரு பக்கம் தொடங்கியது.

ஒவ்வொரு பெரிய பல்கலைக்கழகத்துக்கும் அதன் அணியை உயிராக நினைக்கிற பணக்கார ரசிகர்கள் இருக்கிறார்கள், பூஸ்டர்கள் என்பார்கள். முன்பெல்லாம் மைதானம் கட்டவும் கோச் சம்பளத்துக்கும் நன்கொடை கொடுத்தவர்கள். 2021-க்குப் பிறகு இவர்கள் சேர்ந்து கலெக்டிவ் என்ற பெயரில் தனி அமைப்புகளை ஆரம்பித்தார்கள். ரசிகர்களிடம் சந்தாவும் பெரும்புள்ளிகளிடம் நன்கொடையும் வாங்கி, அதை 'விளம்பர ஒப்பந்தம்' என்ற உருவத்தில் வீரர்களுக்குக் கொடுப்பது இவற்றின் வேலை. இவற்றின் பெயர், நிறம், சின்னம் எல்லாவற்றிலும் பல்கலைக்கழகத்தின் வாசனை இருக்கும், ஆனால் சட்டப்படி பல்கலைக்கழகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்த ஒப்பந்தம் உண்மையில் எதற்கு? நல்ல வீரர் எங்கள் கல்லூரிக்கு வர வேண்டும், வேறு கல்லூரிக்குப் போகக் கூடாது, அதற்கு. ஆனால் அதைத் தாளில் எழுத முடியாது! விளையாடுவதற்காகப் பணம் கொடுக்கக் கூடாது, கல்லூரிக்கு இழுப்பதற்காகப் பணம் காட்டக் கூடாது என்ற விதிகளை என்.சி.ஏ.ஏ. அப்படியே வைத்திருந்தது. அதனால் தாளில் 'மாதம் ஒரு பதிவு, வருஷத்தில் சில நிகழ்ச்சிகள்' என்று இருக்கும். நிஜமான பேரம், அதாவது நீ இங்கே வந்து ஆடு, உனக்கு இவ்வளவு என்பது, தொலைபேசியிலும் விருந்தினர் அறையிலும் வாய்வார்த்தையாகவே இருக்கும். பேசுவது பெரும்பாலும் கோச். கையெழுத்துப் போடுவது கலெக்டிவ். பணம் வர வேண்டியது ஏதோ ஒரு நன்கொடையாளரின் பையிலிருந்து. லாபம் அடைவது பல்கலைக்கழகம். வாக்குக் கொடுத்தவர் ஒருவர், பொறுப்பு இன்னொருவருக்கு, காசு மூன்றாமவரிடம் என்றால், வாக்கு உடையும்போது வீரர் யார் சட்டையைப் பிடிப்பார்? என்.ஐ.எல். பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் இது நிற்கட்டும்: உண்மையான வாக்கை எழுதக் கூடாது என்று விதியே சொன்னது, எழுதாத வாக்கு உடைந்தால் நஷ்டம் எப்போதும் இளையவருக்குத்தான்.

ரஷாடாவுக்கு வருவோம். அவர் முதலில் மயாமி பல்கலைக்கழகத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தார், அங்கே 95 லட்சம் டாலர் பேச்சு இருந்ததாக அவருடைய வழக்கு சொல்கிறது. அதை விட்டுவிட்டு ஃப்ளோரிடாவுக்கு மாறினார். கலெக்டிவ் போட்ட ஒப்பந்தத்தில், அவர்கள் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்ற வரி இருந்தது. நூறு கோடி ரூபாய் என்று தலைப்புச் செய்தியாக வந்தது, ஆனால் அந்த ஒரு வரியால் அது மண் குதிரைதான். ரத்துக் கடிதம் வந்த இரண்டு வாரத்தில், டிசம்பர் 21 அன்று, அவர் ஃப்ளோரிடாவுக்கு வருகிறேன் என்று அதிகாரபூர்வமாகக் கையெழுத்துப் போட்டார். ரத்தான பிறகு ஏன் போட்டார்? பணத்துக்கு நாங்கள் பொறுப்பு என்று திரும்பவும் உறுதி கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டால் 10 லட்சம் டாலர் வரும் என்று ஃப்ளோரிடா கோச் பில்லி நேப்பியர் ரஷாடாவின் அப்பாவிடம் சொன்னார் என்பது ரஷாடா 2024 மே மாதம் போட்ட வழக்கின் குற்றச்சாட்டு. கோச்சும், சேர்த்து வழக்குப் போடப்பட்ட நன்கொடையாளரும் இதை மறுத்திருக்கிறார்கள். 2025-ல் வழக்கின் ஒரு பகுதியைத் தொடரலாம் என்று கூட்டாட்சி நீதிபதி அனுமதித்தார். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. பள்ளியை விட்டு இன்னும் வெளியே வராத ஒருவர் இவ்வளவு பெரியவர்களுக்கு நடுவில், எழுத்து ஒன்றும் பேச்சு ஒன்றுமாக நின்றார் என்பதை மட்டும் சொல்வேன்.

அடுத்தது மாத்யூ ஸ்லூகா. 2024-ல் லாஸ் வேகஸில் இருக்கும் யு.என்.எல்.வி. பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர். அணி முதல் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்திருந்தது. திடீரென்று இந்த வருஷம் இனி ஆடமாட்டேன் என்று அறிவித்துவிட்டுப் போனார். ஓர் உதவிக் கோச் 1 லட்சம் டாலர் தருவதாக வாயால் சொன்னார், வந்ததோ 3,000 டாலர்தான் என்பது அவர் தரப்பு. பல்கலைக்கழகம் என்ன சொன்னது தெரியுமா? அவர் தரப்பு கேட்பது விளையாடுவதற்குக் காசு கேட்பது போல இருக்கிறது, அது விதிமீறல் என்றது. பாருங்கள், வாக்கை எழுதித் தரவும் விதி விடவில்லை, வாக்கைக் கேட்டு நின்றால் அதுவும் விதிமீறல். அவரைப் பணத்தாசை பிடித்தவர் என்று நிறையப் பேர் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்போதைய விதிப்படி, நாலு ஆட்டத்துக்கு மேல் ஆடினால் அவருக்குள்ள வருஷங்களில் ஒன்று கழிந்துவிடும், மொத்தம் ஆட முடிகிற வருஷங்களோ கைவிரலில் அடங்கும். அவர் கையில் இருந்த ஒரே பிடி அது, அதைப் பயன்படுத்தினார்.

2024 கடைசியில் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர்கள் ஆறு பேர் தங்கள் கோச் லெனர்ட் ஹாமில்டன் மேல் வழக்குப் போட்டார்கள். தன் வியாபாரக் கூட்டாளிகள் மூலம் ஆளுக்கு 2.5 லட்சம் டாலர் வாங்கித் தருவதாகச் சொன்னார், வரவே இல்லை என்பது புகார். இதிலும் வாய்ச்சொல்தான், இதிலும் பணம் மூன்றாம் ஆளிடமிருந்து.

இப்போது இதே மைதானத்தில் இன்னொருவருடைய ஒப்பந்தத்தைப் பார்ப்போம். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தபடி, இனி வேலை செய்யாமல் இருப்பதற்கு அவருக்குச் சேர வேண்டியது 7.5 கோடி டாலருக்கு மேல். 2025 அக்டோபரில் ஃப்ளோரிடா நேப்பியரை நீக்கியபோது அவருக்கும் சுமார் 2 கோடி டாலர். எழுதியிருந்தது, அதனால் பிரச்சினையே இல்லை. வீரர் பக்கம் வாக்குத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஜார்ஜியாவில் ஆடிய டேமன் வில்சன், கலெக்டிவோடு ஒப்பந்தம் போட்டுக் கொஞ்ச நாளில் மிசூரிக்கு மாறிவிட்டார். 3.9 லட்சம் டாலர் கொடு என்று ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் சங்கம் அவரைத் துரத்தியது, அவரும் 2025-ல் எதிர்வழக்குப் போட்டார். ஆக ஒப்பந்தம் போடவும் அதை நிறைவேற்ற வைக்கவும் இவர்களுக்கு நன்றாகவே தெரியும், வீரருக்குச் சேர வேண்டிய பணம் என்றால் மட்டும் அந்தக் கவனம் வருவதில்லை.

வாக்கு உடைவது ஒரு பக்கம், வாக்கைக் காப்பாற்றியே ஆளை முடக்குவது இன்னொரு பக்கம். ஃப்ளோரிடாவில் ஆடிய ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கினார். பேர் விளம்பர ஒப்பந்தம். பதிலுக்குத் தேசிய ஃபுட்பால் லீகில் அவர் சம்பாதிப்பதில், வரி பிடிக்கும் முன்பே, 15 சதவீதம், 25 வருஷத்துக்கு! 2023-ல் இந்த ஒப்பந்தம் செல்லாது என்று வழக்குப் போட்டார். தொழில்முறை ஃபுட்பாலில் ஏஜெண்டுகள் வீரரின் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வீரர்கள் சங்கம் வரம்பு வைத்திருக்கிறது. கல்லூரி வீரர்களுக்கு அப்படி வரம்பு வைக்கச் சங்கமே இல்லை. டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13-க்கு 2 என்று வாக்களித்துச் சங்கம் அமைத்தார்கள், கல்லூரி பேச்சுவார்த்தைக்கே வரவில்லை, அந்த வருஷக் கடைசியில் முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. என் பார்வையில் எல்லாப் புது விதிகளையும்விட அந்தச் சங்கம் பிழைத்திருந்தால்தான் அதிகம் மாறியிருக்கும்.

சரி, 2025-ல் என்ன மாறியது? அரிசோனா ஸ்டேட்டின் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரில் நடந்த வழக்கில், ஜூன் 6 அன்று, அதே நீதிபதி வில்கன் ஓர் உடன்படிக்கைக்கு ஒப்புதல் கொடுத்தார். இதன்படி பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருஷம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அதிகபட்சம் 2.05 கோடி டாலர். இது பெரிய முன்னேற்றம்தான், ஏனென்றால் பணம் தருகிறவரும் லாபம் அடைகிறவரும் முதல் தடவையாக ஒரே தாளில் வருகிறார்கள். வெளியே போடும் விளம்பர ஒப்பந்தம் 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு புதிய ஆணையத்திடம் காட்டி, நிஜமான வியாபார நோக்கம் இருக்கிறது என்று சம்மதம் வாங்க வேண்டும். அப்படியென்றால் இப்போது வாக்கு உடைய ஒரு புது இடமும் பிறந்திருக்கிறது: கலெக்டிவ் சொன்ன தொகை, ஆணையம் மறுத்தால் வராது. இதோடு, 2016-லிருந்து ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாக சுமார் 280 கோடி டாலர் என்று முடிவானது. அதில் மிகப் பெரும்பகுதி ஆண்கள் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போவது நியாயமில்லை என்று வீராங்கனைகள் சிலர் மேல்முறையீடு செய்தார்கள். அவர்கள் கேள்வி சரியானது. ஆனால் விளைவு, அந்தப் பணமும் நின்றது.

நம் பிள்ளைகளுக்குச் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை தேஜஸ்வின் ஷங்கர், கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக உயரம் தாண்டி 2018-லும் 2022-லும் என்.சி.ஏ.ஏ. பட்டம் வாங்கியது நினைவிருக்கலாம். அவர் மாதிரி உதவித்தொகையில் போகிறவர்கள் பொதுவாக எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பார்கள். அந்த விசாவில் தனி அனுமதி இல்லாமல் வெளியே வேலை செய்ய முடியாது, விளம்பரத்தில் நடிப்பது வேலையாகக் கணக்காகலாம், விசாவே போய்விடும் அபாயம் உண்டு. காங்கோவில் பிறந்து கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு ஆடிய கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ஷிப்வே, அணி பஹாமாஸ் தீவுக்குப் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே வைத்துத்தான் விளம்பர வேலைகளை முடித்தார். அதனால் யாராவது உங்கள் பெண்ணிடமோ பையனிடமோ வந்து சேர், விளம்பரப் பணம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால், குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்க்காமல் தலையாட்ட வேண்டாம். அப்புறம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போவது யார், ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு, பின்னாளைய சம்பாத்தியத்தில் பங்கு கேட்கிறார்களா என்ற மூன்றையும் பாருங்கள். தொகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரஷாடாவை 2023 ஜனவரியில் ஃப்ளோரிடா விடுவித்தது. அரிசோனா ஸ்டேட் போனார், பிறகு ஜார்ஜியா, பிறகு சாக்ரமெண்டோ ஸ்டேட். அந்த ரத்தான ஒப்பந்தக் கணக்குப்படி 2025 அவருடைய மூன்றாம் வருஷம். மாதம் 3.75 லட்சம் டாலர் வந்திருக்க வேண்டிய வருஷம்.